எங்கள் நிலத்தை ஊருக்குள் சேர்க்காதீர்கள்

லிவாதாக்கி,
ஜூன் 9

அன்புத் தம்பி ஸ்டெர்கியோஸுக்கு,

அக்கா அசிமினா எழுதுகிறேன். அம்மா சௌக்கியம். முழங்கால் வலியைத் தவிர அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த வலியும் கோவில் படி ஏறும்போது மட்டும் எங்கோ போய்விடுகிறது. ஸ்டுட்கார்ட்டில் நீயும் உன் மனைவியும் நலம்தானே? உன் மகள் ஐரிஸுக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்து சேர்ந்தது. அம்மா அதைப் புனிதர் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறாள். காலையில் இருவருக்கும் சேர்த்தே முத்தம் கொடுக்கிறாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உனக்கு உடனே தொழிற்சாலைச் சத்தம் அதிகமாகிவிடுகிறது, லைன் போய்விடுகிறது. கடிதத்தை அப்படி வெட்டிவிட முடியாது. ஒரே மூச்சில் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது இதுதான்: "நகராட்சியில திட்ட அதிகாரியா நீயே உக்காந்திருக்க, நம்ம நிலம் மட்டும் ஏன்க்கா இன்னும் திட்டத்துக்குள்ள வரல?" ஊரில் பாதிப் பேர் என்னிடம் கேட்பதும் இதுவே. ரொட்டி வாங்கப் போனால் கேட்கிறார்கள். பல் வைத்தியர் என் வாயைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்கிறார். நம் ஆட்களுக்குப் பிள்ளை பிறப்பதற்கு அடுத்த சந்தோஷம் தங்கள் வயல் ஊர்த் திட்டத்துக்குள் வருவது. கோடு இந்தப் பக்கம் விழுந்தால் பருத்தி வயல் வீட்டுமனையாகிவிடும், அந்தப் பக்கம் விழுந்தால் வெறும் மண்.

இப்போது அந்தக் கோட்டை ரயில் பாதைக்குக் கீழே கொண்டுபோய்ச் சதுப்பு முழுவதையும் வளைத்துப் போடப்போகிறார்கள். அடுத்த முப்பது வருஷத்துக்கான விரிவாக்கமாம். வீடுகள், ஒரு பாலர் பள்ளி, நடுவில் அகலமான சாலை. அந்தச் சாலை நம் நிலத்தின் மேல்தான் போகிறது. வரைபடத்தின் கீழே திட்ட அதிகாரியின் கையெழுத்து வேண்டும். நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வரியைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏதென்ஸிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் டிரோன் விட்டு ஊரை மேலிருந்து படம் எடுத்தார்கள். நம் மொட்டை மாடிகளில் தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பிகளைப் பார்த்துவிட்டு அறிக்கையில் ஒரு முடிவு எழுதினார்கள். பெரும்பாலான குடும்பங்கள் இன்னொரு தளம் கட்டத் தயாராக இருக்கின்றன, ஆகவே இளம் குடும்பங்கள் பெருகப்போகின்றன, ஆகவே ஊருக்கு இடம் போதாது. மாடியில் கட்டத் தயாராக இருப்பவனுக்குச் சதுப்பில் எதற்கு மனை என்று கூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கூட்டத்தில் இதை வாசித்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கம்பி எதற்கென்று நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளை கல்யாணமாகி வந்தால் அவனுக்கென்று ஒரு தளம். அப்பா உனக்காக விட்டார். மருமகள் நம் சமையலறை வழியாகப் போய்வரக் கூடாது என்று வெளியே தனிப் படிக்கட்டும் கட்டினார். எதிர் வீட்டுப் பொலிக்ஸேனி தன் மகளுக்காக விட்டாள். அவளிடம் இந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். "கனடாவுல இருக்கறவளுக்கு எதுக்குடி என் மொட்டை மாடி? கொடி கட்டி என் பாவாடைய காயப்போடறேன், அத அவங்க பேரப்பிள்ளைன்னு எண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள்.

நாளைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க டிரோன் வேண்டாம், தெருவில் நடந்தால் போதும். ரொட்டிக் கடையில் இப்போது பாதி ரொட்டியாக வெட்டித்தான் விற்கிறார்கள். முழு ரொட்டியைத் தின்று தீர்க்க வீட்டில் ஆளில்லை. குழந்தைத் தள்ளுவண்டி விற்ற கடையில் சக்கர நாற்காலி வந்துவிட்டது. பாலர் பள்ளியில் இருக்கிற சொற்பக் குழந்தைகளில் பாதிப் பேர் பருத்தி வயல் வேலைக்கு வந்த அல்பேனியர்களின், பாகிஸ்தான்காரர்களின் பிள்ளைகள். அவர்கள் மூடிக்கிடக்கும் பஞ்சாலையின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார்கள், ஊருக்குள்ளோ தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். இவர்களுக்கெல்லாம் வேண்டியது சதுப்பில் தோட்டத்தோடு ஒரு பங்களா இல்லை. என் வேலை ஆசையை வரைபடமாக்குவது இல்லை, வரப்போவதைப் பார்த்து வழி செய்து வைப்பது.

தண்ணீரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? வெள்ளம் வந்த அந்தச் செப்டம்பரில் நீ டெலிவிஷனில் பார்த்தாய், நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். ஆறு முதலில் வந்து நின்றது சதுப்பில்தான். அது நிரம்பிய பிறகுதான் நம் தெருவுக்கு வந்தது. ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் உன் படிக்கட்டில் ஏறி இன்னும் கட்டாத உன் தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் மாடியில் பொலிக்ஸேனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தாள். சதுப்பைக் கல்லும் சிமெண்டும் போட்டு மூடிவிட்டால் அடுத்த முறை தண்ணீர் எங்கே போய் உட்காரும்? பாலர் பள்ளியிலா?

மேயர் ரீஸோஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளியில் உன் சட்டைக்குள் தவளை விட்டானே, அதே ரீஸோஸ்தான். மேயர் ஆனதிலிருந்து 'அவர்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. "ஏ அசிமினா, ஊரு வளரணும்னு எல்லாரும் மெழுகுவத்தி ஏத்தறாங்க, நீ மட்டும் ஏன் ஊதி அணைக்கற?" என்றார். ஊர் வளரவில்லை, ஊருக்கு வயதாகிறது, வயதானவருக்கு எதற்குப் பெரிய சட்டை தைக்கிறீர்கள், அளவெடுத்துத் தையுங்கள் என்று சொன்னேன். "நீ ஒரு கையெழுத்துப் போட மாட்டேன்னா ஊரே நின்னுடுமா?" என்று கேட்டார். நிற்கிறதா பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. நிலம் திட்டத்துக்குள் வந்தால் நீ வீடு கட்ட வந்துவிடுவாய் என்பது அவள் நம்பிக்கை, நான் அதைக் கெடுக்கிறேனாம். ஆனால் சோளமாவில் கீரை வைத்து அடை சுட்டால் எனக்கும் ஒரு துண்டு மூடி வைக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள். ஐரிஸுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
அசிமினா


லிவாதாக்கி,
ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. சதுக்கத்தில் நிழல் தந்துகொண்டிருந்த பிளேன் மரங்களை வெட்டிவிட்டு ரீஸோஸ் போட்டாரே இரும்புப் பெஞ்சு, அதில் இப்போது முட்டை பொரிக்கலாம். கிழவர்கள் வங்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். பணம் எடுக்க இல்லை, ஏசிக்காக. மேனேஜர் தினமும் முகம் சுளிக்கிறார், அவர்கள் தினமும் போகிறார்கள்.

சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. என்னைக் கல்லறைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "கொஞ்ச நாள் அமைதியான இடத்துல இரும்மா" என்று ரீஸோஸ் சொன்னாராம், அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்களாம். என் நாற்காலியில் குடிநீர்ப் பிரிவு இஞ்சினியரை உட்காரவைத்தார்கள். அந்த ஆள் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. வந்த வாரத்திலேயே ஒன்றைப் பார்த்தேன் தம்பி. இந்த ஊரில் நிஜமாகவே இடம் போதாமல் விரிவாக்கம் தேவைப்படுகிற ஒரே இடம் கல்லறைதான். மூன்று வருஷம் ஆனால் எலும்பை எடுத்து, மது ஊற்றிக் கழுவி, பெட்டியில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவது நம் வழக்கம். எடுக்க வர வேண்டிய பிள்ளைகள் டொராண்டோவிலும் பிரஸ்ஸல்ஸிலும் இருக்கிறார்கள். இந்தக் கோடையில் வருகிறோம் என்கிறார்கள், அடுத்த கோடையில் வருகிறோம் என்கிறார்கள். பழையவர்கள் எழுந்திருக்கவில்லை, புதியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்பாவுக்கு நீ வந்தாய், அதை நான் மறக்கவில்லை.

இதை ரீஸோஸிடம் போய்ச் சொன்னேன். நீங்கள் தேடுகிற விரிவாக்கம் கிடைத்துவிட்டது, ஆனால் வேறு இடத்தில் என்றேன். "உன் நாக்கு இருக்கே, அத முதல்ல திட்டத்துக்குள்ள கொண்டுவரணும்" என்றார். நன்றாகத்தான் பேசுகிறார், அதனால்தான் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்.

அதிகாரியாக என்னால் இனி எதுவும் செய்ய முடியாது. ஆனால் நிலச் சொந்தக்காரியாக முடியும். திட்டத்தை ஊர்ப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், பாதிக்கப்படுகிற யாரும் ஆட்சேப மனு கொடுக்கலாம். நான் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அவசரத்துல மாத்தி எழுதிட்டீங்களா? உங்க நிலத்தையும் சேக்கணும்னுதானே?" என்று கேட்டாள். இல்லையம்மா, சேர்க்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன் என்றேன். அவள் உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள், அவள் போய் மூன்றாவது ஆளைக் கூட்டிவந்தாள். என் நிலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று சண்டை போட்டவர்களைத்தான் அந்தக் கவுண்டர் இதுவரை பார்த்திருக்கிறது. என் நிலத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்ட முதல் பைத்தியம் நான். எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் கடைசியில் நாய் உரிம மனுக்களோடு வைத்தார்கள்.

மனுவில் வெறுமனே வேண்டாம் என்று மட்டும் எழுதவில்லை. சதுப்பைத் தண்ணீருக்கு விட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் அதுதான் நமக்குக் காவல் என்று எழுதினேன். பூட்டிய வீடுகளைத் திறந்து, குடியிருக்க ஆள் இருக்கிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள். தாழ்வான தெருக்களில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது மாடியில் ஒரு பெரிய அறை கட்டுங்கள், வெள்ளத்தில் ஏறி நிற்க. மருந்துக் கடைக்குப் போகிற வழியில் மரம் வையுங்கள். இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு இல்லை, நடந்து பார்த்த யாரும் சொல்லக்கூடியதுதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அப்பா அந்த நிலத்தை நம் இருவருக்கும் பிரிக்காமல் விட்டுப்போனார். பாதிச் சொந்தக்காரியின் மனு பாதி மனுவாகக்கூட ஆகாதாம், உன் கையெழுத்தும் வேண்டும். அது கிடைத்தால் மனுவை மாகாண அலுவலகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். சாலையே நம் நிலத்தில் போவதால் அவர்கள் திட்டத்தை முழுசாகத் திரும்பப் பார்க்க வேண்டிவரும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் நம் துணைத் தூதரகத்துக்குப் போய் அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அரை நாள் லீவு போதும்.

மனை ஆனால் நல்ல விலை வரும் என்று எனக்கும் தெரியும். எனக்கு மட்டும் அது கசக்குமா? ஆனால் அதை வாங்கி வீடு கட்டப்போகிறவனும் யாரோ ஒருவரின் தம்பிதானே.

உன் அக்கா,
அசிமினா


லிவாதாக்கி,
ஆகஸ்ட் 30

ஸ்டெர்கியோஸ்,

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கோபத்தில் எழுதினால் பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று அம்மா சொல்வாள். இன்னும் கோபம் போகவில்லை, ஆனால் நாள் போகிறது.

வியாழக்கிழமை நகராட்சி மண்டபத்தில் ஊர்க் கூட்டம். நிற்க இடமில்லை. நான் மனுவைப் பற்றிப் பேச எழுந்தேன். ரீஸோஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அசிமினா, ஊர சம்மதிக்க வைக்கறதுக்கு முன்னால வீட்ட சம்மதிக்க வை. உன் தம்பி ஜெர்மனியிலேருந்து எனக்குப் போன் பண்ணாரு. தன் பாதி திட்டத்துக்குள்ள வரணும்னு சொல்லிட்டாரு" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு எழுதாமல், என்னோடு பேசாமல், தவளை விட்டவனுக்குப் போன் செய்தாயா நீ? எனக்கு வலித்தது. சொல்லாமல் இருக்க முடியாது, அதனால் சொல்கிறேன்.

உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்தார்கள். நான் உட்காரவில்லை. மாடியில் பிள்ளைக்கென்று கம்பி விட்டிருக்கிறவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள் என்றேன். முதலில் தயங்கினார்கள், பிறகு மண்டபம் முழுக்கக் கை. கம்பெனிக்காரர்கள் சந்தோஷமாக எண்ண ஆரம்பித்தார்கள். பிள்ளை எந்த மாதம் குடிவருகிறான் என்று தெரிந்தவர்கள் மட்டும் கையை இறக்காதீர்கள், மற்றவர்கள் இறக்கிவிடுங்கள் என்றேன்.

யாரும் உடனே இறக்கவில்லை தம்பி. பக்கத்தில் இருப்பவர் இறக்குகிறாரா என்று பார்த்தார்கள். முதலில் இறக்கியவள் பொலிக்ஸேனி. பிறகு ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் இறங்கின. கடைசியில் ரொட்டிக் கடைக்காரரின் கை மட்டும் நின்றது. அவர் மகன் வீட்டை விட்டு எங்கும் போனதே இல்லை. "எங்க போகச் சொன்னாலும் போக மாட்டேங்கறான், என்ன செய்ய?" என்று அவர் சொன்னதும் சிரிப்பு வந்தது, ஆனால் இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ரீஸோஸின் அம்மா முதல் வரிசையில் இருந்தாள். அவள் கையும் மடியில்தான் கிடந்தது.

என் கையையும் நான் தூக்கியிருந்தேன். நம் வீட்டிலும் கம்பி இருக்கிறது அல்லவா. அதையும் இறக்கினேன்.

கூட்டம் முடிந்ததும் பொலிக்ஸேனி தன் சதுப்பு நிலத்துக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். சிறியதுதான், ஆற்றை ஒட்டி இருக்கிறதே, அது. "என் மக திட்டுவா. திட்டட்டும், அப்பயாவது போன் பண்ணுவா இல்ல" என்றாள். மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள். பகலில் வந்தால் ரீஸோஸ் பார்ப்பார் என்று கல்லறைக்குப் பூ வைக்க வருகிற மாதிரி வந்து என்னிடம் மனு எழுதி வாங்கிப்போகிறார்கள். என்னை இங்கே அனுப்பியது அவருடைய தப்பு. இந்த ஊரில் யாரும் சந்தேகப்படாமல் வந்துபோகிற அலுவலகம் இது ஒன்றுதான்.

ஆனால் அவர்கள் நிலங்களெல்லாம் ஓரத்தில் இருக்கின்றன. ஓரங்களை விட்டுவிட்டுத் திட்டத்தை நிறைவேற்றிவிடலாம். நடுவில் இருப்பது நம்முடையது. செப்டம்பர் பாதியில் நகர்மன்றம் ஓட்டுப் போடுகிறது. அதற்குள் உன் கையெழுத்து வராவிட்டால் சாலை சதுப்புக்குள் போய்விடும், அதன் பின்னால் வீடுகள் போகும், அந்த வீடுகளுக்குள் குழந்தைகள் போவார்கள். இதைத் தடுக்க ஊரில் யாராலும் முடியாது, உன்னால் முடியும்.

வேலை முடிந்து ஓய்வு பெற்றதும் சதுப்பில் வீடு கட்டி வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அவள் அன்றிலிருந்து ஆனந்தமாக இருக்கிறாள், என்னோடுகூடப் பேசுகிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மனுவோடு வைப்பதற்காக ஒரு கணிப்பு எழுதினேன். முப்பது வருஷம் கழித்து நம் தெருவில் யார் யார் இருப்பார்கள் என்று வீடு வீடாக எழுதினேன். அல்பேனியக் குடும்பம் ஒன்றைச் சேர்த்தேன். ரொட்டிக் கடைக்காரர் மகனைச் சேர்த்தேன். என்னைச் சேர்த்தேன், கைத்தடியோடு. நம் வீட்டுக்கு நேரே உன் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். எழுதவில்லை. இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு, என் தம்பி என்பதற்காகப் பொய் எழுத என்னால் முடியவில்லை.

என் கணிப்பு தப்பாது என்று நான் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே சீட்டாட்டத்தில் உன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், நீ அழுவாய். ரீஸோஸிடம் நான் தோற்கப்போவதில்லை. ஏதென்ஸ் கம்பெனியிடமும் தோற்கப்போவதில்லை. என்னைக் குப்பை வண்டிப் பிரிவுக்கு மாற்றினாலும் அங்கிருந்து எழுதுவேன். உன் ஒருத்தனிடம் தோற்க மட்டும் எனக்குச் சம்மதம்.

முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பிறகு, முடிந்தால், என்னைப் பொய்யாக்கு.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். ஐரிஸின் புதுப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது.

மாறாத அன்போடும், ஆறாத கோபத்தோடும்,
உன் அக்கா அசிமினா